பாட்டில் கழுத்தில் வெள்ளைத் தூள்

கரிம வேதியியலைப் பிள்ளைகள் வெறுக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் கரிமம் அல்ல, நாம்தான். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களிடம் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். விருத்தாசலத்தில் ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ப்ளஸ் டூவுக்கு வேதியியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். பாடத்திட்டம் போடுவது, ரெக்கார்டு திருத்துவது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கம் நான் போகப்போவதில்லை.

முதல் வகுப்பிலேயே அட்டவணையை எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். மல்லிகைப்பூவைப் பற்றிச் சொல்லுங்கள். அதன் வாசனையில் இண்டோல் என்று ஒரு பொருள் துளியூண்டு இருக்கிறது. அதே இண்டோல் கொஞ்சம் அதிகமானால் கக்கூஸ் நாற்றம். தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு வந்த பெண்களெல்லாம் இதைக் கேட்டதும் தலையைத் தடவிப் பார்ப்பார்கள். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாசனையே இல்லை, நம் உயிரைக் காப்பாற்றுவதற்காக ஒரு நாற்றத்தை அதில் கலக்கிறார்கள் என்று சொல்லுங்கள். சிற்றெறும்பு கடித்தால் எரிகிறதே, அதுதான் ஃபார்மிக் அமிலம் என்று சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள், மணி அடித்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. சொல் விளையாட்டு. குடித்தவன் ரோட்டில் விழுந்தது எதனால் என்று கேட்பேன். எத்தனால் என்று நானே சொல்லிவிட்டு நானே சிரிப்பேன். பிள்ளைகள் பாவம், மார்க்குக்குப் பயந்து சிரிப்பார்கள். ஸ்டாஃப் ரூமில் யாரும் அதைக்கூடச் செய்யமாட்டார்கள். கணக்கு டீச்சர் சோற்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போய்விடுவார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று துருவுகிறவர்களிடம், மீத்தேன் ஈத்தேன் மாதிரி நான் நிறைவுற்ற சேர்மம், யாரோடும் சுலபமாக வினைபுரியமாட்டேன் என்பேன். அவர்கள் முழிப்பார்கள். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது அந்த ஜோக் எனக்கே அவ்வளவாக ரசிக்காது.

என் ஜோக்குக்கு உண்மையாகச் சிரித்த மனிதர் ஒருவர்தான். திட்டக்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியர். செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராக வருவார். வேறு பள்ளி ஆசிரியர் வந்து நம் பிள்ளைகளுக்கு மார்க் போடும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எப்படியோ பெரும்பாலான வருடங்களில் எங்கள் பள்ளி அவருக்கே விழும். முதல் தடவை வந்தபோது, மீத்தேன், ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன் எல்லாமே "வந்தேன், போனேன்" மாதிரி தன்மை ஒருமையிலேயே பேசுகின்றன, "வந்தோம்" என்று முடிகிற பெயர் ஒன்றுகூட இல்லை பார்த்தீர்களா என்றேன். அவர் பியூரெட் குழாயைக் கழுவியபடியே, "குரோம் இருக்குதே டீச்சர்" என்றார். அது உலோகம், கரிமத்தில் சேராது, செல்லாது என்று நான் அடித்துவிட்டேன். அவர் பியூரெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அன்றைக்கு ஆரம்பித்தது.

வேதியியல்காரர்கள் மூலக்கூறுகளுக்கு உருவம் பார்த்தும் பெயர் வைப்பார்கள். வீடு மாதிரி இருப்பதை ஹவுசேன் என்பார்கள், கூடை மாதிரி இருப்பதை பாஸ்கெட்டேன், ஏணி மாதிரி இருப்பதை லேடரேன் என்பார்கள். நம்ம ஊரில் கண்டுபிடித்திருந்தால் ஹவுசேனுக்கு "வூட்டேன்" என்றுதான் பெயர் இருந்திருக்கும் என்று ஒரு வருடம் வந்து இறங்கியதுமே சொன்னார். நான் அதற்குக் கூடையேன், ஏணியேன் என்று இரண்டு சேர்த்தேன். வருடத்துக்கு இரண்டு நாள்தான். மற்ற நாட்களில் ஏதாவது தோன்றினால் அவருக்கென்று மனசுக்குள் எடுத்துவைத்துக்கொள்வேன். தேர்வு முடிந்ததும் லேபிலேயே டீ வரவழைத்து ஒவ்வொன்றாக எடுத்துவிடுவேன். அவருக்கு மனைவி, பிள்ளைகள், பேரப்பிள்ளை எல்லாம் உண்டு. நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் இல்லை. என் பாஷை பேசுகிற ஒரே ஆள், அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாக இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்தது. பெருந்தொற்று முடிந்து பள்ளிகள் திறந்த வருடம் அது. லேப் நெடுநாள் பூட்டியே கிடந்தது. நானும் ஏறக்குறைய அப்படித்தான் வீட்டுக்குள் கிடந்தேன். பிள்ளைகள் செய்முறையைக் கைபேசியில் வீடியோவாகப் பார்த்ததுதான் அதிகம், கையால் செய்தது கொஞ்சம். தேர்வுக்கு முந்தின நாள் கரிமச் சேர்மங்களைச் சோதனைக் குழாய்களில் ஊற்றி வைத்தேன். அதில் ஒன்று பென்சால்டிஹைடு. பாதாம் பால் கடையில் ஊற்றுகிற எசன்ஸ் வாசனை. மூடியைத் திருகி எடுத்ததும் பாட்டிலின் கழுத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. துணியால் துடைத்துவிட்டு மோந்து பார்த்தேன். கம்மென்று பாதாம். சரி என்று ஊற்றினேன்.

வெளியூர்க்காரர்கள் யாராவது அந்த வெள்ளையைப் பார்த்திருந்தால் என்ன இது என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். இந்த ஊரில் யார் யோசிப்பார்கள்? பீங்கான் பட்டறைகளின் களிமண் தூள் இங்கே எல்லாவற்றின் மேலும் இருக்கும். சைக்கிள் சீட்டில் இருக்கும், கொடியில் காயும் துணியில் இருக்கும், வேலை முடிந்து பஸ் ஏறுகிறவர்களின் புருவத்தில் இருக்கும். வெள்ளையாக எதைப் பார்த்தாலும் தட்டிவிட்டுப் போவதுதான் எங்கள் வழக்கம். நானும் தட்டிவிட்டேன்.

மறுநாள் அந்தச் சேர்மம் ஐந்து பிள்ளைகளுக்கு விழுந்தது. நான்கு பேர் குழாயை மூக்கருகே கொண்டுபோனதுமே ஆல்டிஹைடு என்று கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்தாவது பெண் தமிழரசி. கம்மாபுரம் பக்கத்து ஊர். நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபின் அவள் அப்பா இங்கே ஒரு பீங்கான் பட்டறையில் சூளைக்குச் சாமான் அடுக்கும் வேலை பார்த்தார். மார்க் நன்றாக வந்தால் காலேஜில் கெமிஸ்ட்ரி சேர்த்துவிடுவதாக அவர் சொல்லியிருக்கிறார் என்று அவளே என்னிடம் வந்து சொன்னவள். சராசரிதான், ஆனால் கெட்டிக்காரப் பிடிவாதம். அந்தப் பெண் லிட்மஸ் தாளை நனைத்து வைத்துப் பார்த்தாள், சிவந்தது. சமையல் சோடா கரைசலில் விட்டாள், நுரைத்துப் பொங்கியது. கார்பாக்சிலிக் அமிலம் என்று முடிவு எழுதிவிட்டாள்.

திட்டக்குடி சார் அவளைக் கூப்பிட்டு வாசனை எப்படி இருந்தது என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "ஜுரம் வந்ததுலேருந்து எனக்கு வாசனையே தெரியலைங்க சார்" என்றாள். அவருக்கு அது சாக்காகப் பட்டது. அந்த வருடம் எல்லாத் தப்புக்கும் ஜுரத்தைச் சொல்வது வழக்கமாகிவிட்டிருந்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. வாசனை தெரியாமல் போனாலும் பொங்காதது பொங்கியது என்று எப்படி எழுதுவாய், பக்கத்தில் எவளாவது சொன்னதைக் கேட்டு எழுதினாயா என்று அதட்டினார். பேப்பரில் சிவப்பு மையால் அடித்தார். அந்தப் பகுதிக்கு மார்க் இல்லை. பிள்ளைகள் எல்லாம் கிளம்பினார்கள். தமிழரசி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டீ வந்துவிட்டது. எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியரும் வந்து உட்கார்ந்தார். சார் என்னைப் பார்த்து, "இந்த வருஷம் என்ன வெச்சிருக்கீங்க டீச்சர்" என்றார். என்னிடம் இரண்டு வருடத்துச் சரக்கு இருந்தது. பூட்டிய வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்து யோசித்தவை. அத்தனை நாளும் நான் பேசியது பால்காரரிடமும் கைபேசியிடமும்தான். வாயைத் திறந்தேன். அப்போது அந்த வெள்ளை ஞாபகம் வந்தது.

நம் ஊர்த் தூள் மேசை மேல் படியும், மூடி மேல் படியும். மூடிக்கு அடியில், திருகுகிற மரையில் எப்படிப் படியும்? பென்சால்டிஹைடைச் சரியாக மூடாமல் விட்டால் காற்றோடு சேர்ந்து தானாகவே பென்சாயிக் அமிலமாக மாறிவிடும். வெள்ளைப் படிகம். புத்தகத்தில் ஒரு வரியில் இருக்கிறது. அந்த வரியை நான் எத்தனையோ வருடங்கள் நடத்தியிருக்கிறேன். கொஞ்சம் ஆல்டிஹைடு மிச்சமிருந்தால் போதும், வாசனை ஆளை ஏமாற்றிவிடும். அந்த ஐந்து குழாயிலும் இருந்தது இரண்டும் கலந்த சரக்கு. மூக்கு வேலை செய்த நான்கு பேரும், நானும், சாரும் ஏமாந்தோம். மூக்கு இல்லாதவள் மட்டும் கண்ணால் பார்த்ததை எழுதியிருக்கிறாள்.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவள் ஃபெயில் ஆகப்போவதில்லை. கொஞ்சம் மார்க் குறையும், அவ்வளவுதான். டீயைக் குடித்துக்கொண்டே இரண்டு வருடத்து ஜோக்குகளைச் சொல்லலாம், அவர் சிரிப்பார், சாயங்காலம் திட்டக்குடி பஸ் ஏறுவார், அடுத்த வருடம் மறுபடி வருவார். எனக்கு அதுவே அடுத்த வருடமும் வேலை செய்யப் போதுமானதாக இருந்திருக்கும். இதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும். அப்போது எதிரில் இருப்பவர் கெட்டவராக இருக்கமாட்டார். உங்களுக்கு ரொம்பப் பிடித்தவராக இருப்பார்.

எழுந்துபோய் பாட்டிலை எடுத்து வந்தேன். அவர் முன்னாலேயே ஒரு குழாயில் சோடா கரைசலை ஊற்றி, பாட்டிலிலிருந்து சில சொட்டு விட்டேன். புசுபுசுவென்று பொங்கியது. இயற்பியல் ஆசிரியர் டீயைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். சாருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பார்த்ததுமே புரிந்துவிட்டது, முகம் சுருங்கியது. தேர்வுக்கு முன் எல்லாச் சேர்மங்களையும் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டிருப்பவர் அவர்தான். காலையில் அவரும் மோந்துதான் பார்த்தார்.

மெதுவாகக் கேட்டார். "அந்தப் பொண்ணு எழுதனது சரின்னா, மத்த நாலு பேரும் பொங்கலன்னு பொய்யா எழுதியிருக்காங்க. ஒரு பொண்ணுக்காக நாலு பொண்ணுங்கள மாட்டி வுடப்போறீங்களா டீச்சர்?"

நியாயமான கேள்வி. அந்த நான்கு பேரும் வாசனையை வைத்து விடையை முடிவு செய்துவிட்டு, லிட்மஸ், சோடா சோதனைகளை மனப்பாடமாக எழுதியிருந்தார்கள். பென்சால்டிஹைடா, சோடாவில் பொங்காது, எழுது. அப்படி எழுதப் பழக்கியது யார்? நாம்தான். குழாயில் இரண்டும் இருந்தது, ஆல்டிஹைடு இருந்தால் குழாயில் கண்ணாடி மாதிரி வெள்ளி படியுமே, அவர்கள் செய்த அந்த வெள்ளி ஆடிச் சோதனையும் உண்மையாகவே ஆடி காட்டியிருக்கிறது, அவர்கள் மார்க்கில் கை வைக்க வேண்டாம், அவளுக்கு உள்ளதைக் கொடுத்தால் போதும் என்றேன். பாட்டில் என் பொறுப்பு, விசாரணை வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

அவர் அடுக்கிய பேப்பர்களைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு தமிழரசியின் பேப்பரை உருவி, சிவப்புக் கோட்டை அடித்து, பக்கத்தில் மார்க் போட்டு, சுருக்கமாகக் கையெழுத்திட்டார். "இத நீங்க என்னைத் தனியா கூப்ட்டு சொல்லியிருக்கலாம்" என்றார். இயற்பியல் ஆசிரியர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சரிதான், கூப்பிட்டிருக்கலாம். பாட்டிலைக் கையில் எடுத்த வேகத்தில் அது தோன்றவில்லை. அவர் டீயைத் தொடவில்லை. பையை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

அடுத்த வருடம் வேறொருவர் வந்தார். நல்லூர்க்காரர், நல்ல மனிதர், ஜோக் பிடிக்காது. அதற்கு அடுத்த வருடம் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். பொங்கலுக்குத் திட்டக்குடி சாருக்கு வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்புவேன். கைகூப்பும் படம் ஒன்று வரும். ஒரு தடவை புதிதாகத் தோன்றிய ஒரு சொல்லை எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது. அதன்பின் அனுப்பவில்லை. இப்போதும் ஏதாவது தோன்றத்தான் செய்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதிரியார் பேசிக்கொண்டிருக்கும்போது தோன்றும், தனியாகச் சிரித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அடக்கிக்கொள்வேன். வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தக் குழாயில் அந்தச் சொட்டை மறுபடியும் விடுவேன்.

அன்று அவர் போனபின் மாடிப்படிக்குப் போனேன். தமிழரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நீ எழுதினது சரிதாம்மா, மார்க் வந்துடும், போ என்றேன். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல, தேர்வு விதி இடம் கொடுக்காது. அவள் தலையாட்டினாள். பரீட்சைகள் முடிந்தன, பிள்ளைகள் கலைந்து போனார்கள். அவள் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருக்கிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாராவது என்னைப் பார்க்க வராத சாயங்காலங்களில், அதாவது பெரும்பாலான சாயங்காலங்களில், அந்த நினைப்பு எனக்கு ஒரு துணையாக இருந்தது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். அவள்தான் அடையாளம் கண்டு ஓடி வந்தாள். பீங்கான் பொம்மைகளும் கப்புகளும் விற்கிற கடை ஒன்றில் பில் போடுகிறாளாம். நல்ல முதலாளி, சீக்கிரம் அனுப்பிவிடுவாராம். மூக்கு சரியாகிவிட்டதா என்று கேட்டேன், ஆகிவிட்டது என்று சிரித்தாள். கெமிஸ்ட்ரி என்ன ஆயிற்று என்றேன்.

"எனக்கு அது வராது மிஸ். பிராக்டிகல்லயே தப்பா எழுதனவதானே நானு. நீங்க பாவம் பாத்து அந்த சார்கிட்ட பேசி மார்க் வாங்கிக் குடுத்தீங்க. அப்பாகிட்டயும் சொல்லிட்டேன், எனக்கு வேணாம்னு."

நான் சரியென்று சொன்னேனே என்றேன். நீங்கள் எல்லாரிடமும் அப்படித்தானே மிஸ் சொல்வீர்கள் என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, பாராட்டாகத்தான் சொன்னாள். உண்மைதான். முப்பது மார்க் வாங்கியவளிடமும் நல்லா பண்ணியிருக்க என்று சொல்கிறவள்தான் நான். நீங்களும் சொல்வீர்கள். சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை தேய்ந்துபோய்விடுகிறது. தேவையான அன்று எடுத்தால் அது செல்லாது.

பஸ் ஸ்டாண்டில் நின்றபடியே எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். பூட்டிக் கிடந்த லேப், மரையில் வெள்ளைப் படிகம், காற்று பட்டு ஆல்டிஹைடு அமிலமானது, நாங்கள் எல்லாரும் மோந்து பார்த்து ஏமாந்தது, அவள் ஒருத்தி மட்டும் பார்த்ததை எழுதியது. அவள் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கேட்டாள். கம்மாபுரம் பஸ் வந்து நின்றது, அவள் நகரவில்லை.

"அப்ப நான் கெமிஸ்ட்ரி எடுத்திருக்கலாமா மிஸ்?"

எடுத்திருக்கலாம் என்றேன். இப்போதும் எடுக்கலாம், தபாலில் படிக்கலாம், அடுத்த வருடம்கூடச் சேரலாம் என்று வேகவேகமாக அடுக்கினேன். கண்டக்டர் விசில் கொடுத்தார். அவள் என் கையைப் பிடித்து, "நீங்க யார் மனசும் நோவ வுட மாட்டீங்க மிஸ்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள். அவள் நம்பவில்லை.

வாயால் சொன்னால் நம்பமாட்டாள், தன் கையால் செய்து பார்த்தால் நம்புவாள். அது எனக்கு அந்தப் பஸ் போனபின்தான் உறைத்தது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். என் பழைய லேப் இப்போது உங்களில் ஒருவர் கையில் இருக்கிறது. அவள் கடைக்குப் போய், ஒரு சனிக்கிழமை ஸ்கூலுக்கு வா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். சரி மிஸ் என்றாள், வருவாளோ மாட்டாளோ. நீங்கள் இப்போதே பென்சால்டிஹைடு பாட்டில் ஒன்றின் மூடியைத் தளர்த்தி அலமாரியில் தனியாக வைத்துவிடுங்கள். வெள்ளை படிந்தால் துடைத்துவிடாதீர்கள். அவள் வந்தால் நீங்கள் எதுவும் விளக்க வேண்டாம், சோடா கரைசலை மட்டும் அவள் கையில் கொடுங்கள். எனக்கு ஒரு போன் போடுங்கள். வீடு ஜங்ஷன் ரோட்டில்தான், உடனே வந்துவிடுவேன். எனக்கு வேறு வேலை எதுவும் இல்லை.